நாகத்தின் சாட்சி

அக்கரைக் காட்டில் ஒரு கிளி, பாம்புக்கடிக்கான இலையைத் தன் கண்டுபிடிப்பு என்று பதிந்து காப்புரிமை வாங்கிவிட்டது. இதைக் கேள்விப்பட்ட கீரி ஆற்றைக் கடந்து, பதிவாளர் ஆந்தையிடம் போனது.

"ஐயா, இங்கே கட்டிக்கொடுத்த என் மகள் இனிமே கிளியைக் கேட்டுத்தான் அந்த இலையைத் தின்னணுமாம். எங்க பாட்டன் காலத்து மருந்துங்க அது."

"எங்கேயாவது எழுதி வச்சிருக்கீங்களா?"

"இல்லைங்க. சாட்சி கூட்டிட்டு வந்திருக்கேன்."

பின்னாலிருந்து ஒரு கிழட்டு நாகம் ஊர்ந்து வந்தது. "இவன் பாட்டனை நான்தான் கடிச்சேன். இலையைத் தின்னுட்டு எழுந்து என்னையே துரத்தினான்."

ஆந்தை சட்டப் புத்தகத்தைப் புரட்டியது. "அது உங்க கரையில நடந்தது. இந்தக் கரையில நடந்தாத்தான் இங்கே செல்லும்."

நாகம் மெல்லப் படமெடுத்தது. "அதுக்கென்ன, இங்கேயும் கடிச்சிடலாம். யாரைன்னு நீங்களே சொல்லுங்க."