ஊதாக் கோடு

மயிலாத்தாளுக்கு விடிந்ததிலிருந்தே முழங்கால் குத்திக்கொண்டிருந்தது. மாத்திரை போட்டால் வியர்வை காட்டிக்கொடுத்துவிடும். அதனால் காலில் வலிக் களிம்பைத் தேய்த்து, கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு சாயப்பட்டறைக்குக் கிளம்பினாள்.

ஈரத் துணி மூட்டையை அவளும் பாப்பாத்தியும் சேர்ந்துதான் தூக்குவார்கள். ஜோடிக்கு ஒரே துண்டு. வாசல் வரிசையில் நிற்கும்போதே பாப்பாத்தி அதை மயிலாத்தாளின் தோளிலிருந்து உருவிக் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"என்னக்கா, வாசம் தூக்குது. புதுச் சோப்பா?"

"ஆமா, உங்க மாமன் வாங்கியாந்தாரு."

மேஸ்திரி ஒவ்வொருவர் கழுத்திலும் ஒரு தாளை ஒற்றி, அதன் நுனியைத் திரவத்தில் நிறுத்தினார். ஈரம் தாளில் மெல்ல ஏறியது. வியர்வையின் உப்பு அடியிலேயே தங்கிவிடும். வலி மருந்து மட்டும் பிரிந்து மேலே போய் ஊதாக் கோடாக நிற்கும். கோடு விழுந்தவர் உடம்பு தேய்ந்தவர் என்று கணக்கு. ஊரில் எந்தப் பட்டறையும் அவரைச் சேர்க்காது.

மயிலாத்தாளின் தாள் வெள்ளையாகவே இருந்தது. பாப்பாத்தியின் தாளில் கோடு விழுந்தது.

"எங்க நோவுது?" என்றார் மேஸ்திரி.

"எங்கயும் நோவுலீங்க. நான் ஒண்ணுமே போடலீங்க."

"நோவாதவளுக்கு எதுக்கும்மா மருந்து?"

வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"அக்கா, நீயாச்சும் சொல்லுக்கா. நேத்து பூரா உன்கூடத்தான தூக்குனேன்?"

பாப்பாத்தி கையிலிருந்த துண்டைப் பார்த்த மயிலாத்தாளுக்கு அதற்குள் எல்லாம் புரிந்துவிட்டது. "நேரமாச்சுங்க" என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

ஏழு மாதமாகப் பாப்பாத்திக்கு எங்கும் வேலையில்லை. அவளுக்கு ஓர் உண்மையைச் சொல்ல மயிலாத்தாள் இன்னும் கடன்பட்டிருக்கிறாள்.