நானூறு பேர்

அமோனியா ஏற்றிய ரயில்கள் நானூறு பேருக்கும் குறைவாக வாழும் ஊர்களின் வழியாகத்தான் போக வேண்டும் என்பது பாதுகாப்பு விதி. ஊருக்குள் நடமாடும் கைப்பேசிகளை வைத்து நாள்தோறும் ஆள் எண்ணினார்கள்.

அந்தக் கணக்கில் மேலப்பொட்டலில் சரியாக நானூறு பேர். மாசி மாதத்தில் ஞானசீலியின் கணவர் தவசிமணி மாரடைப்பில் இறந்தார். உடலை எடுப்பதற்கு முன்பே ஊர்த்தலைவர் ராசையா வந்து நின்றார்.

"மதினி, சாவை இப்பப் பதிய வேண்டாம். அண்ணன் போனையும் அணைச்சிராதீங்க. ஒரு ஆள் குறைஞ்சா நாளைக்கே வண்டி வந்துரும். பள்ளிக்கூடம் தண்டவாளத்தை ஒட்டில்லா இருக்கு."

கோயில் மணி அடிக்காமலே அடக்கம் நடந்தது. மறுநாளிலிருந்து ஞானசீலி இரண்டு கைப்பேசிகளையும் மடியில் கட்டிக்கொண்டு காட்டுக்கும் கடைக்கும் போய் வந்தாள். செத்தவருக்கு வாய்விட்டு அழக்கூட அவளுக்குப் பயமாக இருந்தது.

ஆடியில் மகள் எஸ்தர் கோயம்புத்தூரிலிருந்து கார் கொண்டுவந்தாள். "தனியா கெடந்தது போதும்மா. என்கூட வந்துரு."

ஞானசீலி துணிமணிகளைக் கட்டி வைத்துவிட்டு, கைப்பேசிகளைக் கொடுக்க ராசையா வீட்டுக்குப் போனாள். அவர் தோள்பையைத் திறந்து காட்டினார். உள்ளே பதினோரு கைப்பேசிகள் இருந்தன.

"எல்லாம் செத்தவங்களும் ஊரைவிட்டுப் போனவங்களும்தான். இதுக்கு மேல என்னால சுமக்க முடியாது மதினி."

"அப்ப நெசமா எத்தனை பேருய்யா இருக்கோம்?"

அவர் தோள்பையை மூடினார். ஞானசீலி திரும்பி வந்து கார்க் கதவைச் சாத்தினாள்.

"நீ போயிட்டு வா, எஸ்தரு. நான் வந்தா இங்க ரெண்டு பேரு குறையும்."