மூடாத டிக்கெட்

"ஏனுங்க பெரியம்மா, இன்னிக்காவது டிக்கெட்டை மூடிரலாமுங்களா?"

தேவகுமாரி தயங்கித் தயங்கித்தான் கேட்டாள். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஒற்றை விரலால் எழுத்தைத் தேடிக்கொண்டிருந்த பூவாயி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இன்னும் சரியா வரமாட்டேங்குதே கண்ணு" என்றார்.

ஏற்காடு ஒண்டிக்கடை முக்கில் தேவகுமாரியின் நெட் சென்டர் திறந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. சேலத்தில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்து, அப்பாவின் எஸ்.டி.டி. பூத்தை ஒட்டி இரண்டு கம்ப்யூட்டர்களைப் போட்டு உட்கார்ந்தாள். மழை பெய்தால் லைன் போய்விடும். லைன் இருக்கும்போதெல்லாம் அவள் ஒரு அரட்டை அறையில் இருப்பாள். உலகத்தின் எந்தெந்த மூலையிலோ இருக்கும் தமிழர்கள் அங்கே கூடி, இங்கிலீஷ் எழுத்தில் தமிழை அடித்துப் பேசிக்கொள்வார்கள். கம்ப்யூட்டரில் சந்தேகம் கேட்டு வருகிறவர்களுக்கு அங்கேயே விடையும் கிடைக்கும். கிடைக்கும் என்று பேர்தானே தவிர, பாதிக் கேள்விகள் சினிமாப் பேச்சிலும் கிரிக்கெட்டிலும் மூழ்கிப் போய்விடும். கேட்டவர் காத்திருந்து காத்திருந்து போய்விடுவார்.

அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் தேவகுமாரி டிக்கெட் முறையைக் கொண்டுவந்தாள். கேள்வி கேட்டதும் ஒரு எண் விழும்; அதுதான் டிக்கெட். உதவிக்கு இருக்கிற தொண்டர்களில் ஒருவர் அதை எடுத்துக்கொள்ள வேண்டும். எடுத்தவர் பாதியில் கழன்றுகொள்ள முடியாது. எல்லாவற்றுக்கும் மேல் ஒரு விதி வைத்தாள்: கேள்வி கேட்டவர்தான் சந்தேகம் தீர்ந்தது என்று டிக்கெட்டை மூடலாம், வேறு யாரும் மூடக் கூடாது.

முதலில் சிரித்தவர்கள் கொஞ்ச நாளில் அசந்து போனார்கள். சிங்கப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் பாராட்டு வந்தது. அதுவரைக்கும் வாய்ச் சண்டை போட்டுக்கொண்டிருந்த கூட்டம், ஒருத்தருக்கொருத்தர் கைகொடுக்கிற கூட்டமாகிவிட்டது.

தொண்டர்களில் தேவகுமாரிக்கு மிகவும் பிடித்தவர் அமெரிக்காவில் இருந்த ஒருவர். 'மிளகு' என்பது அவர் வைத்துக்கொண்ட பேர். நிஜப் பேர் யாருக்கும் தெரியாது. யாரும் தொடாத டிக்கெட்டை எடுப்பார், முகம் சுளிக்காமல் சொல்லித் தருவார்.

பக்கத்து ஊரான வெள்ளக்கடையில் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் பூவாயி முதன்முதலாக வந்தபோது, ஈ-மெயில் அனுப்பக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார். மிளகு என்று ஒருத்தர் நன்றாகச் சொல்லித் தருகிறாராமே, அவரிடமே விட்டுவிடு என்றும் கேட்டுக்கொண்டார். பேர் என்ன போட என்றதற்கு, 'காப்பிக்காரி'ன்னு போடு என்றார்.

அன்றைக்கு விழுந்த டிக்கெட் இன்னும் திறந்தே கிடக்கிறது. ஒரு நாள் பாஸ்வேர்டை மறந்துவிடுவார். ஒரு நாள் அனுப்பியதைக் காணோம் என்பார். நேற்றுப் படித்ததை இன்று முதலிலிருந்து கேட்பார். மிளகு சலிக்கவே இல்லை. நடுநடுவே, மழை உண்டா, காப்பி பழுத்துவிட்டதா, உடம்புக்கு எப்படி என்று விசாரிப்பார். பூவாயி தடவித் தடவி ஒவ்வொன்றுக்கும் பதில் அடிப்பார்.

ஆனால் மற்ற தொண்டர்களுக்குப் பொறுமை போய்விட்டது. நல்ல ஆள் ஒருத்தரை ஒரே டிக்கெட்டில் கட்டிப் போட்டிருப்பது நியாயமா என்று கேட்டார்கள். இன்று சாயங்காலத்துக்குள் மூடாவிட்டால், கேட்டவர்தான் மூட வேண்டும் என்கிற விதியையே தூக்கிவிடுவது என்று முடிவும் செய்துவிட்டார்கள். அந்த விதி போனால், தெரியாதவர்களை நாலு வார்த்தையில் தட்டிக்கழிக்கிற பழைய கூத்து திரும்பி வந்துவிடும் என்று தேவகுமாரிக்குத் தெரியும்.

வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் பூவாயியிடம் சொன்னாள். பூவாயி ஒற்றை விரலைக் கீபோர்டிலிருந்து எடுத்தார்.

"என்னால உன்ற ஏற்பாடு கெட்டுப்போக வேண்டாம் சாமி. மூடிர்றேன்."

நாற்காலியை இழுத்துப் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். பத்து விரலும் கீபோர்டில் இறங்கின. கீழே பார்க்காமலே மளமளவென்று அடித்தார்: 'நொம்ப நன்றிங்க. எல்லாம் கத்துக்கிட்டேன். டிக்கெட்டை மூடிக்கறேன்.'

தேவகுமாரி அந்த விரல்களையே பார்த்தாள். "பெரியம்மா, உங்களுக்கு டைப்பிங்..."

"கல்யாணத்துக்கு முந்தி எஸ்டேட் ஆபீஸ்ல டைப் அடிச்சுட்டு இருந்தவ நானு. ஈ-மெயிலும் வந்த அன்னிக்கே புடிபட்டுருச்சு."

"அப்புறம் ஏனுங்க இத்தனை நாளா..."

பூவாயி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"என் பையன் கல்யாணத்துக்கு நான் போகல கண்ணு. வேத்துச் சாதிப் புள்ளைன்னு வீம்பா இருந்துட்டேன். அதுக்கப்புறம் போன் பண்ணுனா, என் குரலைக் கேட்டதும் வெச்சிருவான். அவங்கூடப் படிச்ச பையன் ஒருத்தன்தான், மிளகுங்கற பேர்ல அவன் இங்க இருக்கான்னு சொன்னான். டிக்கெட்டு தொறந்திருக்கற வரைக்கும் எங்கிட்டப் பேசித்தானே ஆகோணும்?"

டிக்கெட் முறைக்காக உலகமே தன்னைப் பாராட்டியபோதுகூட, இப்படி ஒருத்தர் அதைப் பயன்படுத்துவார் என்று அவள் நினைத்ததில்லை. அந்த அம்மாவின் தோளில் மெல்லக் கை வைத்தாள்.

பூவாயி மவுஸை நகர்த்தினார். 'மூடு' என்ற இடத்தில் அம்புக்குறி போய் நின்றது.

அதற்குள் மிளகிடமிருந்து பதில் வந்து விழுந்தது.

'மூடிராதம்மா. உம் மருமவ உங்கிட்ட என்னமோ கேக்கோணுமாம்.'