வெயில் நாற்காலி

கண்டனூர் வீட்டின் நடுவாசல் முற்றத்தில் வானம் குறைந்துகொண்டே வருகிறது. குரங்குத் தொல்லை என்று பங்காளிகள் கூடித் தகரம் போடச் சொல்லிவிட்டார்கள். கல்யாணத்துக்கு வந்து போகிறவர்கள் அவர்கள்; இங்கேயே கிடப்பது கதிரேசனும் மனைவி உமையாளும்தான். மகன் செத்ததிலிருந்து கதிரேசன் வாய் திறப்பதில்லை. காலையில் நாற்காலியை வெயிலில் போட்டு உட்காருகிறார். வெயில் நகர நகர நாற்காலியும் நகர்கிறது. “அந்த ஓரத்தையாச்சும் விட்ருங்க தம்பி, அதுலதான் அவுக உசுரே இருக்கு,” உமையாள் அண்ணாந்து கெஞ்சுகிறாள். தகரம் அடிக்கும் வாஹித்தின் குரல் மட்டும் மேலிருந்து இறங்குகிறது: “நான் என்ன ஆச்சி செய்ய? பூராவும் மூடச் சொல்லிட்டாக.” தூண்களின் நிழல்கள் ஒன்றில் ஒன்று கரைகின்றன. தரையில் கைக்குட்டை அளவு வெயில்தான் மிச்சம். கதிரேசன் அதற்குள் நாற்காலியின் முன்கால்களை எப்படியோ திணிக்கிறார். கடைசித் தகரம் கிறீச்சிட்டுக்கொண்டு வந்து மூடுகிறது. அவர் எழுகிறார். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அந்த இருட்டுக்குள் சுற்றிச் சுற்றிப் பார்க்கிறார். “உமையா,” என்கிறார். அவள் மறந்தே போயிருந்த குரல். “இத எங்குட்டுப் போட?”