யார் பேரில் எழுதுவது

திரையில் அந்தக் கணவன் இடுப்பு வாரை உருவி மனைவியை அடித்தபோது, ஆண்கள் பக்கத்தில் யாரோ சீழ்க்கை அடித்தார்கள்.

"போடு இன்னொண்ணு!"

பெஞ்சு முழுவதும் சிரித்தது. மருதை மட்டும் தன் வலக்கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டான்.

சென்ற தை மாதம், லால்குடிக்கு அருகே அவனுடைய களத்தில், அறுவடைக்கு வந்த ஆட்கள் பார்த்திருக்க, அந்தக் கையால்தான் அவன் மனைவி அமிர்தத்தை அறைந்தான். அன்றும் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு தன் பக்கத்து நியாயம் என்று அவன் இதுநாள்வரை எண்ணியிருந்தான்.

அமிர்தமும் இதே கொட்டகையில்தான் இருந்தாள். சுவருக்கு அப்பால், பெண்கள் பக்கத்தில். ஆள் உயரத்துக்கு எழுப்பியிருந்த அந்தச் சுவர் படம் காட்டும் ஒளியை மேலே போக விட்டிருந்தது.

அவர்கள் படம் பார்க்கத் திருச்சிக்கு வந்தவர்கள் அல்லர். பிரிந்துவிடுவதென்று தீர்மானித்துப் பத்திரம் எழுத வந்தவர்கள். கோர்ட்டில் விவாகரத்து தரும் புதுச் சட்டம் வந்து இரண்டு வருஷம் ஆகியும் அவர்கள் வழக்கத்துக்கு அப்படி ஒரு பத்திரம் போதும்.

பிரிவதில் இருவருக்கும் சம்மதம். குற்றம் யாருடையது என்கிற ஒரு வரியில்தான் தகராறு. ஊர்க் கூட்டத்தில் அந்த வரியை உரக்கப் படிப்பார்கள். யார் பேர் அதில் ஏறுகிறதோ, அவர் அதைச் சாகும்வரை சுமக்க வேண்டும்.

"கைய நீட்டுனது அவரு. அவரு பேருல எழுதுங்க."

"எங்கப்பா சாவுக்கே வராதவ இவ. இவ பேருல எழுதுங்க."

பத்திர எழுத்தர் சகாயநாதன் முற்பகல் முழுவதும் இதையே கேட்டுவிட்டுப் பேனாவை மூடினார். "இங்க நின்னு கத்தாதீங்க. எங்கயாச்சும் போய் முடிவு பண்ணிக்கிட்டு, ஆறு மணிக்குள்ள வாங்க."

எதிரெதிரே உட்கார்ந்து முடிவு செய்யும் மனம் இருவருக்கும் இல்லை. கொட்டகையில் பேச வேண்டியதில்லை. முகம் பார்க்கவும் வேண்டியதில்லை. பெண்கள் வாசலில் அமிர்தம் முந்தானை முடிச்சை அவிழ்த்துத் தன் டிக்கெட்டைத் தானே வாங்கினாள். கல்யாணமான ஐந்து வருஷத்தில் அதுவே முதல் தடவை.

படம் இரக்கமற்றதாக இருந்தது. சிரிக்கவைக்க வந்த நடிகர்கூட இரண்டாவது ரீலோடு காணாமல் போனார். மிஞ்சியது ஒரு வீடும், அதற்குள் ஒருவரையொருவர் சிறிது சிறிதாகத் தின்னும் இரண்டு பேரும்.

இடைவேளைக்குப் பிறகு, காய்ச்சலோடு மழையில் வந்து நின்ற கணவன் கதவைத் தட்டினான். உள்ளே மனைவி தாழ்ப்பாளில் கை வைத்தபடி நின்றாள். திறக்கவில்லை.

பெண்கள் பக்கம் குதூகலித்தது.

"தொறக்காதடி! நல்லா நனையட்டும்!"

பக்கத்தில் இருந்தவள் அமிர்தத்தின் தோளை இடித்தாள். "கெடந்து சாவட்டும். என்னக்கா சொல்றே?"

அமிர்தம் தோளை விலக்கிக்கொண்டாள்.

ஆடியில் மாமனார் இறந்த செய்தியை மருதை ஆளிடம் சொல்லி அனுப்பவில்லை. தகப்பனைக் கிடத்தியிருக்கும்போது மகன் வீட்டைவிட்டு நகர்வது வழக்கமில்லை. அவன் நகர்ந்தான். அறை வாங்கிய நாளிலிருந்து அவள் தங்கியிருந்த தாய்வீட்டு வாசலுக்கு வந்து மூன்று தடவை பேர் சொல்லிக் கூப்பிட்டான். அவள் கதவுக்குப் பின்னால் நின்றாள்.

காலையில் எழுத்தரிடம் அவன் அதைச் சொல்லவில்லை. அவள் வரவில்லை என்று மட்டுமே சொன்னான்.

திரையில் தட்டும் சத்தம் நின்றுவிட்டது. சுற்றிலும் பெண்கள் கை தட்டினார்கள்.

படம் விட்டதும் பெண்கள் வாசலுக்கு எதிரே மருதை காத்திருந்தான். அவள் கண்கள் சிவந்திருந்தன. எதற்கென்று அவன் கேட்கவில்லை. அவன் ஒரு கையை மறு கையால் பற்றியிருந்தான். ஏனென்று அவளும் கேட்கவில்லை. முன்னும் பின்னுமாக நடந்து எழுத்தரின் மேசைக்கு வந்து சேர்ந்தார்கள்.

"சரி, யார் பேருல எழுத?" என்றார் சகாயநாதன்.

"என் பேருல" என்றான் மருதை.

அதே மூச்சில் அமிர்தமும் அதையேதான் சொன்னாள்.

இருவரும் காலையிலிருந்து முதல் தடவையாக ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

எழுத்தர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "காலையில நீ, நீன்னீங்க. இப்ப நான், நான்ங்கறீங்க. நான் என்னத்தைங்க எழுதித் தொலைக்கிறது?"

பிறகு அந்த வரியில் இருவர் பேர்களையும் அடுத்தடுத்து எழுதினார். முன்பு ஒரே ஒரு காகிதத்தில்தான் அவை அப்படிச் சேர்ந்து நின்றிருந்தன. அது கல்யாணப் பத்திரிகை.

மருதை கையெழுத்திட்டான். அமிர்தம் பெருவிரலை வைத்தாள். மை காயும்வரை இருவரும் அங்கேயே நின்றார்கள்.

அவள் தாய்வீட்டுக்கும் அவன் வீட்டுக்கும் லால்குடி பஸ் ஒன்றுதான். அவள் முன்னால் பெண்கள் இருக்கையில் உட்கார்ந்தாள். அவன் கடைசி வரிசைக்குப் போனான். காவிரிப் பாலத்தில், மாலை வெயிலில், ஸ்ரீரங்கத்து மொட்டைக் கோபுரம் தெரிந்தபோது கண்டக்டர் அவளிடம் வந்தார்.

"எங்கம்மா போவணும்?"

அமிர்தம் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.

"லால்குடி ரெண்டு" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவிழ்த்த முடிச்சை மெதுவாக மறுபடியும் போட்டுக்கொண்டாள்.