யாரும் வைக்காத கோளாறு

“இன்னிக்கு ஒரு கோளாறு வைக்கணும், நேரமாச்சு” என்று சொல்லிக்கொண்டே அவளுடைய கணவர் ஷூ லேஸைக் கட்டக் குனிந்தார்.

அவருடைய லேபில் விமான இறக்கை ஒன்றை இரும்புச் சட்டத்தில் மாட்டி, இருபுறமும் மோட்டார் வைத்து ஆட்டுவார்கள். யாரும் வருமுன் அவர் போய் ரகசியமாக ஒரு கோளாறு வைப்பார். கம்ப்யூட்டர் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். பாராட்டு மட்டும் லேபின் தலைவருக்கு. ஸ்குரூ டிரைவரில் பிடி எந்தப் பக்கம் என்று தெரியாத மேதை அந்தத் தலைவர்.

மதியம் கணவரின் செல்போன் அடித்தது. அவள் எடுத்தாள். தலைவர்தான்.

“எங்கம்மா உங்க வீட்டுக்காரர்? விருந்தாளிங்க இருக்காங்க, ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். இடது மோட்டார்ல கோளாறுன்னு கம்ப்யூட்டர் சொல்லிருச்சு. அவர் வெச்சது அதுதானான்னு கேட்டுச் சொல்லுங்க!”

“அவர் எதுவும் வைக்கல சார். லேபுக்கே வரல. காலைல கிளம்பும்போதே சாஞ்சுட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள… போயிட்டார் சார்.”

ஒரு ‘ஐயோ’வுக்காக அவள் காத்திருந்தாள்.

“கேட்டீங்களா?” தலைவரின் குரல் விருந்தாளிகள் பக்கம் திரும்பியது. “யாருமே வைக்காத நிஜக் கோளாறு! அதையும் பிடிச்சிருச்சு பாருங்க நம்ம கம்ப்யூட்டர்!”

படபடவென்று கைதட்டினார்கள்.

போனில் அந்தச் சத்தத்துக்கு அடியில் இடது மோட்டார் கரகரத்துக்கொண்டே இருந்தது. அதை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை.