கெஸ்ட் வைத்த பாட்டில்

ஃப்ரூட் சாலட் எடுக்க உபகாரத்தின் மனைவி லீமா ஃப்ரிட்ஜைத் திறந்த நேரம் பார்த்தா உள்ளே சுற்றி வைத்திருந்த நியூஸ்பேப்பர் அவிழ வேண்டும்?

மகனுக்குப் பெண் பார்க்க வந்திருந்த ஸ்டீவன் வாத்தியார் எட்டிப் பார்த்தார். பேப்பருக்குள்ளிருந்து ரெண்டு லிட்டர் கண்ணாடி பாட்டில். லேபிளில் 'டிராஃப்ட் பீர்'.

"என்னங்க உபகாரம் இது?"

கொடைக்கானல் குளிரிலும் உபகாரத்துக்கு வேர்த்துவிட்டது. "எங்களுது இல்லீங்க. ஹோம்ஸ்டே கெஸ்ட்டோடது. பெங்களூர்ல இருந்து கொண்டாந்தாங்க. ஜில்லுனு வெச்சிருக்கச் சொல்லிட்டு போட்டிங் போயிருக்காங்க."

"மாட்டிக்கிட்டவன் எல்லாம் அடுத்தவன் சரக்குன்னுதான் சொல்லுவான்."

வாத்தியார் அவர்கள் சர்ச் பங்கில் மதுவிலக்கு சபைத் தலைவர். "மேடையேறி குடியை எதுத்துப் பேசுறவன் நான். இந்த வீட்ல சம்பந்தம் வெச்சா ஊர் காறித் துப்பும். எந்திரி கேத்தரின். ராபின், வண்டிய எடு."

அவர் மனைவியும் மாப்பிள்ளைப் பையனும் எழுந்தார்கள்.

உபகாரம் வாசலை மறித்து நின்றார். மகள் ஆக்ஸிலியாவுக்கு முப்பத்தொன்று முடியப் போகிறது. இதுக்கு முன்னால் வந்த மூணு வரனும் ஆளுக்கொரு நொட்டை சொல்லிப் போனதுதான். இதையும் விட்டால்?

"லீமா, அதக் கொண்டுபோயி சிங்க்ல ஊத்து. கெஸ்ட்டுக்கு நான் பதில் சொல்லிக்கறேன்."

லீமா இருந்த பதற்றத்தில் நின்ற இடத்திலேயே மூடியைத் திருகினாள். புஸ்ஸென்று சத்தம்.

"மூடுங்க, மூடுங்க, வெரசா மூடுங்க." வாத்தியார் பாய்ந்து வந்தார். "கேஸ் போச்சுன்னா அம்புட்டும் வீண். டிராஃப்ட் பீரு தெறக்காம ஜில்லுனு கெடந்தா ஒரு வாரம் தாங்கும். தெறந்துட்டா மறுநாளே சப்புனு போயிரும். கதவுல வெக்காதீங்க, ஆடும். உள்ள தள்ளி, நிமித்தி..."

வீட்டில் இருந்த அத்தனை பேரும் தன்னையே பார்ப்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"புஸ்தகத்துல படிச்சது," என்றார். "மேடையில பேசணும்ல."

தொண்டையைச் செருமிக்கொண்டார். "சரி, அடுத்தவங்க பொருளுங்கிறீங்க. விடுங்க. ஜனவரியில தேதி பாத்துருவோம்."

உபகாரத்துக்குப் புரியாமல் இல்லை. ஆனாலும் வரன் கைகூடியதே என்று மூச்சு வந்தது. லீமா சிலுவை போட்டுக்கொண்டாள். எல்லாரும் உட்கார்ந்து ஃப்ரூட் சாலட் சாப்பிட்டார்கள்.

புறப்படும்போது, பூ வைத்துவிடுகிற சாக்கில் கேத்தரின் ஆக்ஸிலியாவை உள்ளறைக்கு அழைத்துப் போனாள். வந்ததிலிருந்து வாயே திறக்காதவள், பின்னலில் பூவைச் சொருகியபடி மெதுவாகச் சொன்னாள்.

"வேணாம்னு நீயே சொல்லிரு தாயி. நான் சொன்னேன்னு மட்டும் தெரிய வேணாம். இவராவது ஒரு பாட்டில ரெண்டு நாளைக்கு வெச்சுக் குடிப்பாரு. எம்மவன் வெச்சுக் குடிக்கிற ஆளில்ல."